கஞ்சாவுக்கு எழுதிய குறிப்பு மிளகாய்க்கு எடுபடுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் வெயில் விழும் ஜன்னல் ஒன்றுகூட இல்லை. இரண்டு மிளகாய்ச் செடியாவது வீட்டுக்குள் வளர்க்கலாம் என்று 60×60×140 செ.மீ. அளவுள்ள வளர்ப்புக் கூடாரமும், பெட்டியில் ‘1000 வாட்’ என்று அச்சிட்ட எல்.இ.டி. விளக்கும் வாங்கினேன். எப்படிப் பயன்படுத்துவது என்று தேடினால் கிடைப்பதெல்லாம் கஞ்சா வளர்ப்பவர்கள் எழுதியவை. முதலில் 18 மணி நேர வெளிச்சம், பிறகு 12 மணி நேரம், கரி வடிகட்டி, பூப்பதற்கென்று தனி உரம், இலை கழித்தல், அறுவடைக்கு முன் இரண்டு வாரம் வெறும் தண்ணீர் என்று போகிறது. இதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது? முதல் முறை விதைத்த நாற்றுகள் நூல்போல நீண்டு, சாய்ந்து, செத்துப்போயின.

பதில்: கூடாரம், விளக்கு, காற்றாடி இந்த மூன்றையும் பற்றி அவர்கள் எழுதியதைப் பெரும்பாலும் நம்பலாம். வீட்டுக்குள் விளக்கடியில் செடி வளர்க்கும் நுணுக்கங்களைச் செய்து பார்த்து எழுதி வைத்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் பூ, காய் என்று வந்தவுடன் அந்தக் குறிப்புகளை மூடி வைத்துவிடுங்கள். கஞ்சா பகல் குறைந்தால் பூக்கும் செடி. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தம் படாத பெண் பூதான் அவர்களுக்கு வேண்டும். மிளகாயில் இதெல்லாம் நேர் எதிர். (அந்தச் செடியை வளர்ப்பது பல நாடுகளில் குற்றம், சில நாடுகளில் எண்ணிக்கை வரம்போடு அனுமதி உண்டு. உங்கள் கேள்வி மிளகாய் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.)

செத்துப்போன நாற்றிலிருந்து தொடங்குவோம். நூல்போல நீண்டது வெளிச்சம் போதாததால். முளைத்த பிறகும் சூடு அதிகமாக இருந்திருந்தால் இன்னும் வேகமாக நீண்டிருக்கும். தண்டின் அடி, மண்ணை ஒட்டிய இடத்தில், நீர் கோத்துக் கறுத்துச் சுருங்கியிருந்ததா? அப்படியென்றால் நாற்றழுகல். ஈரம் வடியாத மண்ணில் வரும் பூஞ்சை நோய் அது. வந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. அடுத்த முறை நாற்றுக்குப் புதிய தேங்காய் நார்த்தூளை மட்டும் பயன்படுத்துங்கள். மண்புழு உரம், தோட்டத்து மண் எதுவும் அந்த வயதில் வேண்டாம். விதைக்குள்ளேயே இரண்டு வாரத்துக்கான சாப்பாடு இருக்கிறது.

விதையை அரை முதல் ஒரு செ.மீ. ஆழத்தில் ஊன்றி, மண்சூடு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண மிளகாய் 7 முதல் 14 நாளில் முளைக்கும். அபனேரோ போன்ற கடுங்கார வகைகள் மூன்று, நான்கு வாரம் கூட எடுக்கும். பத்தாம் நாள் தோண்டிப் பார்த்துக் கெடுத்துவிடாதீர்கள். முளைக்கும்வரை வெளிச்சம் தேவையில்லை. முதல் முளை தலை தூக்கிய அன்றே விளக்கு எரிய வேண்டும். ஒரு நாள் தாமதித்தால்கூட தண்டு நீளத் தொடங்கிவிடும். பாத்திரத்தை மூடியிருந்தால் அதையும் அன்றே எடுத்துவிடுங்கள். தண்ணீரை மேலே தெளிக்காமல், தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்ச விட்டு, அரை மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

இனி விளக்கு. ‘1000 வாட்’ என்பது விற்பனைக்குச் சொல்வது. பழைய விளக்கு ஒன்றுக்கு ஈடு என்ற கணக்கில் போடும் எண் அது. விளக்கின் பின்புறத் தகட்டில் உண்மையில் இழுக்கும் மின்சாரம் எத்தனை வாட் என்று சிறிய எழுத்தில் இருக்கும். பல விளக்குகளில் அது 100 வாட்டைச் சுற்றியே இருக்கும். 100 வாட் என்றால் கவலைப்படாதீர்கள், உங்கள் கூடாரத்துக்கு அது தாராளம். கணக்கு இதுதான்: நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு நொடிக்கு 2.5 மைக்ரோமோல் (செடிக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் அலகு) ஒளி தரும். 100 வாட்டுக்கு 250. கூடாரத்தின் தரைப்பரப்பு 0.36 சதுர மீட்டர். வகுத்தால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 690. சுவரிலும் மூலையிலும் வீணாவது போக 500 சொச்சம் செடிக்குக் கிடைக்கும். காய்க்கும் மிளகாய்க்கு 400 முதல் 600 போதும். நாற்றுக்கு 150 முதல் 200, வளரும் செடிக்கு 300 முதல் 400.

இதை அளக்கும் கருவி விலை அதிகம். வெள்ளை எல்.இ.டி. என்றால் சாதாரண லக்ஸ் மீட்டரே போதும்: லக்ஸ் எண்ணை 67ஆல் வகுத்தால் தோராயமான மைக்ரோமோல் கிடைக்கும். நாற்றின் உச்சியில் சுமார் 12,000 லக்ஸ், காய்க்கும் செடியின் உச்சியில் 27,000 முதல் 40,000 என்று நினைவில் வையுங்கள். உங்கள் விளக்கு ஊதா நிறத்தில் எரிகிறது என்றால் லக்ஸ் கணக்கு செல்லாது, ஏனென்றால் அந்தக் கருவி மனிதக் கண்ணுக்காகச் செய்தது. மீட்டரே இல்லாவிட்டால், விளக்கின் ஒளியை 30 சதவீதமாகக் குறைத்து நாற்றுக்கு 45 செ.மீ. மேலே தொங்கவிடுங்கள். இரண்டு இலைக்கு நடுவே தண்டு நீண்டால் விளக்கை இறக்குங்கள். இலை விளிம்பு மேல்நோக்கி மடிந்து, நிறம் வெளிறினால் ஏற்றுங்கள். வளர்ந்த செடிக்கு 30 முதல் 40 செ.மீ. இடைவெளியில் முழு ஒளி.

எத்தனை மணி நேரம் என்பதுதான் நீங்கள் குழம்பிய இடம். கஞ்சாவுக்கு இரவு நீண்டால்தான் பூக்கும் உணர்வு வரும்; அதனால்தான் 18 மணி நேரத்திலிருந்து 12க்கு இறக்குகிறார்கள், இருட்டில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட நுழையக்கூடாது என்று துணி சுற்றுகிறார்கள். மிளகாய்க்குப் பகல் நீளம் பொருட்டே அல்ல. வயதும் கிளையும் வந்தால் பூக்கும். முளைத்த நாள் முதல் கடைசிக் காய் வரை 16 மணி நேரம் எரிய விடுங்கள், 8 மணி நேரம் அணையுங்கள். 12க்கு இறக்கினால் பூ அதிகமாகாது. நாள் முழுக்கக் கிடைக்கும் ஒளி கால்பங்கு குறைந்து காய்தான் குறையும். 400 மைக்ரோமோலை 16 மணி நேரத்தாலும் 0.0036ஆலும் (மணிக்கு 3,600 நொடி, ஒரு மோலுக்குப் பத்து லட்சம் மைக்ரோமோல்) பெருக்கினால் ஒரு நாளுக்கு 23 மோல். மிளகாய்க்கு 20 முதல் 30 நல்ல அளவு. கூடாரத்தின் ஜிப்பில் வெளிச்சம் கசிகிறதே என்று மெனக்கெட வேண்டாம். அதற்காக 24 மணி நேரமும் எரிய விடலாமா என்றால் கூடாது. இந்தக் குடும்பத்தில் தக்காளி அப்படி விட்டால் இலை மஞ்சள் திட்டு விழுந்து கெடும். மிளகாய் அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் இலை கோணலாகும். 100 வாட் விளக்கு 16 மணி நேரம் எரிந்தால் நாளைக்கு 1.6 யூனிட், மாதம் 48 யூனிட்.

காற்று விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி, கரி வடிகட்டி தவிர. அது வாடை வெளியே போகாமல் இருக்க மாட்டுவது. மிளகாய்ச் செடிக்கு மறைக்க வேண்டிய வாடை ஏதும் கிடையாது. வாங்கியிருந்தால் கழற்றி வையுங்கள், காற்றாடிக்குத் தடை குறையும். உங்கள் கூடாரத்தின் கொள்ளளவு அரை கன மீட்டர். நிமிடத்துக்கு ஒரு முறை காற்று மாற வேண்டும் என்றாலும் மணிக்கு 30 கன மீட்டர்தான் தேவை. 4 அங்குலக் குழாய்க் காற்றாடி இதைப் போல ஐந்து மடங்கு இழுக்கும். குறைந்த வேகத்தில் ஓடினால் போதும். சூடான காற்று மேலே ஏறும் என்பதால் காற்றாடியை மேலே மாட்டி, கீழே உள்ள வலைத் திறப்பைத் திறந்து வையுங்கள். கூடாரத்தின் பக்கங்கள் உள்ளே லேசாக இழுபட்டிருந்தால் காற்று சரியாகப் போகிறது என்று பொருள். தூணில் மாட்டும் சிறு காற்றாடி ஒன்று இலை மெல்ல அசையும் அளவுக்கு ஓடட்டும். அசைவில்தான் தண்டு தடிக்கும், நாற்றழுகலும் குறையும். கவனிக்க வேண்டியது, வெளியேறும் காற்று எங்கே போகிறது என்பது. விளக்கு இழுக்கும் 100 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் மாறும். கதவு சாத்திய சிறிய அறைக்குள்ளேயே அதை விட்டால் அதே சூடு மீண்டும் கூடாரத்துக்குள் வரும்.

விளக்கு எரியும்போது 24 முதல் 28 டிகிரி, அணைந்தபின் 18 முதல் 21 டிகிரி. பழைய கஞ்சாக் குறிப்புகளில் இதைவிடக் குறைவாக எழுதியிருந்தால், அவை சோடியம் விளக்குக் காலத்தவையாக இருக்கும். சோடியம் விளக்கின் வெப்பக்கதிர் இலையை நேராகச் சூடேற்றும், எல்.இ.டி. அப்படிச் செய்யாததால் அறைச்சூடு ஓரிரு டிகிரி கூடுதலாக இருப்பதே நல்லது. ஈரப்பதம் நாற்றுக்கு 60 முதல் 70 சதவீதம், பூக்கும்போது 50 முதல் 65.

தொட்டிக்கு வருவோம். 60×60 கூடாரத்தில் நான்கு தொட்டி அடங்கும்; செடி இரண்டுதான் அடங்கும். நான்கு வைத்தால் இலை இலையோடு மோதி, உள்ளே காற்று போகாமல், பூச்சிக்குக் குடித்தனம் வைத்துக் கொடுத்ததாகிவிடும். 8 லிட்டர் தொட்டி இரண்டு போதும். 650 கிராம் தேங்காய் நார்க்கட்டி ஒன்று ஊறினால் 8 முதல் 9 லிட்டர் தூள் வரும். அதோடு 4 லிட்டர் மண்புழு உரமும் 4 லிட்டர் பெர்லைட்டும் (மண்ணில் காற்றோட்டம் தரும் லேசான வெள்ளைக் கல்துகள்) கலந்தால் இரண்டு தொட்டிக்கும் சரியாக இருக்கும். கலக்கும் முன் நார்த்தூளைக் கழுவ வேண்டும். பலரும் தவறவிடும் வேலை இது. நாரில் இயல்பாகவே சோடியமும் பொட்டாசியமும் ஒட்டியிருக்கும். நீங்கள் கொடுக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் நார் பிடித்துக்கொண்டு இவற்றை விடும். செடியில் கால்சியக் குறை வரும். உரம் கொடுத்துக்கொண்டே இருக்கும் நீங்கள் ஏன் என்று புரியாமல் விழிப்பீர்கள். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, லிட்டருக்கு 3 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, மறுபடி ஒரு முறை அலசிவிடுங்கள். நாற்றுக்கான தூளுக்கும் இதே பக்குவம்தான்.

முதலில் விரியும் இரண்டு வித்திலைகளுக்குப் பின் நான்கு உண்மை இலை வந்ததும் நாற்றை ஒரு லிட்டர் தொட்டிக்கு மாற்றுங்கள். கொஞ்சம் நீண்டுவிட்ட நாற்றாக இருந்தால் வித்திலைக்குச் சற்றுக் கீழ்வரை மண்ணுக்குள் போகும்படி நடலாம். வேர் அந்தத் தொட்டியை நிறைத்த பிறகே 8 லிட்டருக்குப் போக வேண்டும். சின்னச் செடியை நேராகப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத இடமெல்லாம் ஈரம் தேங்கிப் புளிக்கும்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வைக்காதீர்கள். ஊற்றி வடிந்தவுடன் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். அந்த எடையைக் கை ஞாபகம் வைத்துக்கொள்ளும். பாதி எடைக்கு இறங்கியதும் அடுத்த தண்ணீர். ஊற்றும்போது அடியில் கொஞ்சம் வடியும்வரை ஊற்றி, தட்டில் நின்றதைக் கொட்டிவிட வேண்டும். இலை தொங்கிவிட்டதே என்று ஓடிப்போய் ஊற்றும் முன் தொட்டியைத் தூக்குங்கள். கனமாக இருந்தும் இலை தொங்கினால் வேர் மூச்சுத் திணறுகிறது. அப்போது ஊற்றும் ஒவ்வொரு செம்பும் செடியைக் கொல்லும். இலையின் அடிப்பக்கம் மணல் ஒட்டியதுபோலச் சொரசொரப்பாகப் புடைப்பு வந்தால் பூச்சி முட்டை என்று மருந்தடிக்க வேண்டாம். வேர் உறிஞ்சும் நீரை இலை வெளிவிட முடியாமல் வரும் நீர்க்கொப்புளம் அது. தண்ணீரைக் குறைத்து, காற்றோட்டத்தைக் கூட்டினால் புது இலையில் வராது. பழைய இலையில் உள்ளது போகாது.

உரத்தில்தான் கஞ்சாக் குறிப்புகள் அதிகமாக ஏமாற்றும். ‘பூ ஊக்கி’ என்று விற்பவற்றில் பெரும்பாலும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிக அதிகம். மணிச்சத்தைக் கூட்டினால் பூ கூடும் என்பது விற்பனைப் பேச்சு. தேவைக்கு மேல் போனால் இரும்பும் துத்தநாகமும் செடிக்குக் கிடைக்காமல் இளம் இலை வெளிறும். மண்புழு உரம் கலந்த தொட்டியில் முதல் மூன்று, நான்கு வாரம் எதுவும் வேண்டாம். பிறகு வாரம் ஒரு முறை நீரில் கரையும் 19-19-19 உரம் (தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் சமமாக உள்ளது) லிட்டருக்கு ஒரு கிராம். பிஞ்சு பிடித்ததும் அதை நிறுத்திவிட்டு, ஒரு வாரம் 13-0-45 (பொட்டாசியம் நைட்ரேட்) ஒரு கிராம், அடுத்த வாரம் கால்சியம் நைட்ரேட் ஒரு கிராம் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) அரை கிராம், தனியாக. கால்சியம் நைட்ரேட்டை எப்சம் உப்போடோ மணிச்சத்து உள்ள உரத்தோடோ கெட்டியாகக் கலக்கக்கூடாது. பால்போலத் திரிந்து அடியில் படிந்துவிடும். கொடுக்கும் நீரின் பி.எச். (அமில, கார அளவு) 6க்கும் 6.5க்கும் நடுவே இருக்கட்டும். காயின் நுனி பழுப்பாக அழுகினால் கால்சியம் வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும். ஒரு நாள் காய்ந்து மறுநாள் வெள்ளம் என்று தண்ணீர் ஏறுமாறாகப் போனதால் அது காய்வரை போய்ச் சேர்ந்திருக்காது.

அறுவடைக்கு முன் இரண்டு வாரம் வெறும் தண்ணீர் கொடுப்பதை மறந்துவிடுங்கள். மிளகாயில் ஒரு கிளையில் பழம், இன்னொன்றில் பிஞ்சு, மேலே பூ என்று எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கும். எந்த இரண்டு வாரத்தைப் பட்டினி போடுவீர்கள்?

இலை கழிப்பதும் வேண்டாம். மண்ணைத் தொடும் அடியிலைகளை மட்டும் எடுங்கள். காயை மூடும் இலையைப் பறித்தால் காய்த்தோல் வெந்து வெளுக்கும். நுனி கிள்ளுவது இங்கே பயன்படும், ஆனால் ஒரு முறை போதும்: கூடாரத்தின் உயரம் குறைவு என்பதால் ஆறாவது இலைக்கு மேல் கிள்ளினால் செடி குட்டையாகப் பரவும். கிள்ளாமல் விட்டாலும் மிளகாய் தானே கவையாகப் பிரியும். பிரியும் கவையின் நடுவே முதல் பூ வரும். அதையும் அடுத்து வரும் சில பூக்களையும் செடி 25 செ.மீ. உயரம் தாண்டும்வரை கிள்ளிவிடுங்கள். சின்ன உடம்பில் காய் பிடித்தால் செடி அங்கேயே நின்றுவிடும்.

அதன்பிறகு வரும் பூவுக்குத்தான் உங்கள் கை தேவை. கஞ்சா வளர்ப்பவர் மகரந்தத்தைக் கண்டால் பதறுவார். உங்களுக்கு அது இல்லாவிட்டால் காயே இல்லை. மிளகாய்ப் பூவில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருப்பதால் ஒரே செடி போதும், ஆனால் கூடாரத்துக்குள் பலமான காற்றும் தேனீயும் வராது. விளக்கு எரிந்து மூன்று, நான்கு மணி நேரம் கழித்து, மகரந்தப் பை ஊதா நிறத்தில் வெடித்துப் பொடி தெரியும்போது, கிளையைச் சுண்டுங்கள். அல்லது மின்சாரப் பல் துலக்கியின் பின்பக்கத்தைப் பூக்காம்பில் இரண்டு நொடி வையுங்கள். பூ இருக்கும்வரை தினமும். காம்போடு மஞ்சளாகிக் கொட்டினால் முதலில் வெப்பமானியைப் பாருங்கள்: பகலில் 32 டிகிரிக்கு மேல், அல்லது இரவில் 24க்கு மேலோ 15க்குக் கீழோ போனால் மகரந்தம் கெட்டுப்போகும். சூடு சரியாக இருந்து, இலை கரும்பச்சையாகத் தளதளவென்று இருந்தும் பூ கொட்டினால் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம். பிஞ்சு பிடித்து 35 முதல் 50 நாளில் சாதாரண வகைகள் பழுக்கும். விதைத்ததிலிருந்து முதல் பழத்துக்கு ஏறக்குறைய நான்கு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சி வரும். எதிரிப் பூச்சி எதுவும் இல்லாத மூடிய பெட்டி என்பதால் வந்தால் வேகமாகப் பெருகும். இலை படகுபோல மேல்நோக்கி மடிந்தால் இலைப்பேன். கவிழ்த்த படகுபோலக் கீழ்நோக்கி மடிந்து, காம்பு நீண்டு, நுனிக்குருத்து கருகினாற்போல் நின்றுவிட்டால் மஞ்சள் சிலந்தி (சிலந்திப்பேன் வகை). இரண்டாவது கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் பலர் சத்துக் குறை என்று உரம் போட்டுக்கொண்டிருப்பார்கள். இலைப்பேனுக்கும் அசுவினிக்கும் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், ஒரு மி.லி. சோப்புக் கரைசல், ஐந்து நாளுக்கு ஒரு முறை மூன்று தடவை, இலையின் அடிப்பக்கம் நனையும்படி. மஞ்சள் சிலந்திக்கு நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம். எண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடித்தால் இலை கருகும். 32 டிகிரிக்கு மேலும் கருகும். எதுவானாலும் விளக்கு அணைந்த பிறகே அடியுங்கள். மண்மேல் பறக்கும் சின்னக் கறுப்பு ஈ தொட்டியின் மேல்மண் காயாமல் இருப்பதற்கு அடையாளம். மஞ்சள் ஒட்டட்டை ஒன்று மாட்டி, மேல் இரண்டு செ.மீ. காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள்.

மின்கம்பிகள் பிளக்குக்குள் போகும் முன் கீழே தொங்கி வளைந்து ஏறட்டும். வழியும் நீர் வளைவில் சொட்டிவிடும். பல பிளக் மாட்டும் பலகையை (எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்) தரையில் வைக்காமல் தூணில் உயரமாகக் கட்டுங்கள். விளக்கைத் தானாக ஏற்றி அணைக்கும் நேரக் கருவி (டைமர்) விளக்கின் வாட்டைத் தாங்குமா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கஞ்சா ஒரு பருவச் செடி; வெட்டினால் கதை முடிந்தது. மிளகாய் பல ஆண்டு நிற்கும். காய்ப்பு ஓய்ந்ததும் முதல் கவைக்கு மேல் ஒரு சாண் விட்டு வெட்டி, தொட்டியிலிருந்து எடுத்து, வேர்க்கட்டியின் வெளிச்சுற்றைக் கால்பங்கு சீவி, புதுக் கலவையில் அதே தொட்டியில் வையுங்கள். இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது, ஆகவே துளிர் வரும்வரை மிகக் குறைவாக ஊற்றி, விளக்கையும் நாற்றுக்கு வைத்த அளவுக்கு இறக்கிவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கணுவெல்லாம் துளிர்க்கும். நாற்றிலிருந்து வந்த செடியைவிட இது சீக்கிரம் பூக்கும்.